பாதையில் தரைதட்டிய மாப்பிள்ளை

ஆற்றுக்கு மேலே பாலம் திறந்து இரண்டு மாரிகாலம் போய்விட்டது. திணைக்களத்தில் இப்போது வேலை செய்கிற பொடியன்மார் அதற்கொரு மலர் போடுகிறார்களாம். போன கிழமை வீட்டுக்கு வந்தார்கள்.

"காக்கா, நீங்க பாதை இழுத்த காலத்தைப் பத்தி ஒண்டு எழுதித் தாங்க. வாசிக்கிற ஆக்களுக்குக் கண்ணீர் வரோணும்."

கண்ணீருக்கு நான் எங்கே போவது? பாலம் வந்ததில் என்னைவிடச் சந்தோஷப்பட்ட ஆள் இந்தக் கல்முனைப் பக்கத்தில் இருந்தால் கூட்டி வாருங்கள், கைகொடுக்கிறேன். என் வலது தோள்பட்டை இன்றைக்கும் மழை வருவதை வானொலிக்கு முந்திச் சொல்லும். பாதை போய்விட்டதே என்று ஏங்குகிறவர்கள் எல்லாம் அதில் குந்தியிருந்து போனவர்கள். இழுத்தவன் ஒருத்தனும் ஏங்கியதாக நான் கேள்விப்படவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டார்கள், எழுதுகிறேன். கண்ணீர் வராவிட்டால் என்னைக் குறை சொல்லக் கூடாது.

வெளியூர் வாசகருக்காகச் சொல்லிவிடுகிறேன். காக்கா என்றால் அண்ணன். எங்கள் பக்கத்தில் ‘பாதை’ என்றால் ஆற்றைக் கடக்கிற பெரிய மிதவை. இரண்டு இரும்புத் தோணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே பலகை அடித்து, ஓரத்தில் இடுப்பளவுக்கு வேலி போட்டது. அதில் லொறியும் ஏறும், மாடும் ஏறும், மாப்பிள்ளையும் ஏறும். நாங்கள் ஆறு என்று சொல்வதும் உண்மையில் ஆறல்ல, வாவி. அதன் கிழக்கே எங்கள் ஊர்களும் கடைத்தெருவும் நெல் மில்களும். மேற்கே படுவான்கரை, கண்ணுக்கெட்டிய தூரம் வயல். அங்கே விளைந்த நெல் இங்கே மில்லுக்கு வரவேண்டும். இங்கேயிருந்து உரமும் சீமெந்தும் மண்ணெண்ணெயும் அங்கே போகவேண்டும். அறுவடைக் காலத்தில் துறையடியில் லொறிகள் வரிசையாக நிற்கும். முந்தி ஏறுவது யார் என்று சாரதிமார் ஒருவரையொருவர் ஏசுவதை அந்தப் பக்கத்துத் தேத்தண்ணிக்கடையில் இருந்து கேட்டாலே பொழுது போகும்.

நான் மருதமுனையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன். தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு நாள் முழுக்க இருக்க என்னால் முடியவில்லை. நான் நெய்த சாரனைப் பார்த்த வாப்பா, இதை மீன் பிடிக்கத்தான் பாவிக்கலாம் என்று சொல்லி, யாரையோ பிடித்து எழுபதுகளின் கடைசியில் என்னைப் பாதையில் சேர்த்துவிட்டார். பயிற்சி என்று ஒன்றும் கிடையாது. கரைக்குக் கரை ஒரு கம்பிக்கயிறு கட்டியிருக்கும். வெட்டுப் போட்ட மரப்பிடியை அந்தக் கயிற்றில் கொளுவி, பாதையின் முன்னுக்கிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டே நடக்கவேண்டும். நாம் பின்னுக்கு நடந்தால் பாதை முன்னுக்குப் போகும். முதல் நாள் உள்ளங்கை உரிந்தது. பிறகு தோல் தடித்துவிட்டது. பயிற்சி அவ்வளவுதான்.

மிச்சத்தையெல்லாம் கற்றுத்தந்தவர் எங்கள் மேற்பார்வையாளர் நல்லையா ஓவசியர். யாழ்ப்பாணத்து மனிதர். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட், கையில் எந்நேரமும் கறுப்புக் குடை. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. நாம் பிழை விட்டால் கிட்ட வந்து நின்று, "அப்படியோ?" என்று மட்டும் கேட்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஆட்கள் ஒரு கிழமை ஒழுங்காக வேலை செய்தார்கள். ஏச்சு என்றால் நாங்களும் திருப்பி ஏசலாம். ‘அப்படியோ’வுக்கு என்னத்தைத் திருப்பிச் சொல்வது?

அவருடைய சட்டங்கள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். வாகனம் ஏறமுன் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் இறங்கவேண்டும். சாரதி மட்டும் மெல்ல ஏற்றி நடுவில் நிறுத்தி, எஞ்சினை நூர்த்துவிட்டு அவரும் இறங்கவேண்டும். நாலு சக்கரத்துக்கும் முன்னாலும் பின்னாலும் கட்டை வைக்கவேண்டும். கட்டையைக் காலால் உதைத்துப் பார்த்த பிறகுதான் ஆட்கள் நடந்து ஏறலாம். அக்கரையில் முதலில் ஆட்கள் இறங்கவேண்டும், பிறகுதான் வாகனம். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர்ச் சட்டம். துறையடியில் ஒரு முதிரைக் கட்டை நட்டு, அதில் சிவப்புக் கோடு கீறியிருந்தது. கோடு தண்ணீருக்கு வெளியே தெரிந்தால் வாகனம் ஏற்றக் கூடாது, பாதை தரைதட்டும்.

ஒருமுறை கச்சேரியிலிருந்து, அதாவது அரசாங்க அலுவலகத்திலிருந்து, ஒரு பெரியவர் ஜீப்பில் வந்தார். இறங்கமாட்டேன் என்றார். வெயிலாம். ஓவசியர் குடையை விரித்து ஜீப்பின் கதவடியில் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் பேப்பர் வாசித்தார். ஓவசியர் நின்றார். பின்னால் நெல் லொறிகள் சேர்ந்தன. சாரதிமார் ஹோன் அடித்தார்கள். ஓவசியர் அசையவில்லை. கடைசியில் பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, குடைக்குள் இறங்கி வந்தார்.

"நன்றி, கவனமா நடவுங்கோ. பலகை வழுக்கும்" என்றார் ஓவசியர்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், அதே ஓவசியர் என்னுடைய கலியாணத்துக்கும் வந்தார். அந்த நாளைத்தான் எழுதவேண்டும்.

என் கலியாணத்தைப் பேசி முடித்தவர் ஆதம்பாவா மாமா. கல்முனையில் புடவைக்கடை வைத்திருந்தார். சாயம் போகிற துணியையும் "இது வெளுக்க வெளுக்க அழகு" என்று விற்கக்கூடியவர். படுவான்கரையில் பெரிய வயல்காரரான உதுமாலெவ்வைப் போடியாரின் மகள் பரீதாவுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள் என்று அறிந்ததும் அங்கே போய் இப்படிச் சொல்லியிருக்கிறார்:

"மாப்பிள்ள கவர்மெண்டு. திணைக்களத்தில பொறுப்பான இடம். அவர் ஒரு நாளைக்கு வேலைக்குப் போகல்லண்டா ஒங்கட படுவான்கரைக்குப் போக்குவரத்தே இல்ல."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இதில் பொய் எங்கே இருக்கிறதென்று கேட்டால் மௌலவிக்கும் காட்டமுடியாது. ஆனால் போடியாரின் மனதில் மின்விசிறிக்குக் கீழே ஒருவன் மேசையில் இருந்தான். போடியார் பாதையில் வருவது அருமை, அவருக்குச் சொந்தத் தோணி இருந்தது. மாப்பிள்ளை பார்க்க வந்த அன்றைக்கு மாமா என்னை வெள்ளைச் சேட்டும் பையில் பேனையுமாகத் தன் கடைக் கதிரையில் இருத்தி, கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னார். உள்ளங்கையைப் பார்த்தால் விஷயம் வெளுத்துவிடும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் மாமாவின் வாய்க்கு முன்னால் என் வெட்கம் எடுபடவில்லை.

போடியாரின் சொந்தத் தங்கச்சி மகன் றசீது அந்தப் பிள்ளைக்கு மச்சான் முறை. உழவு மெசின் வைத்திருந்தவன், உரிமைக்காரன். அவனை விட்டுவிட்டுச் சொந்தத்துக்கு வெளியே அசலில் கொடுப்பதற்குக் காரணமே இந்த உத்தியோகம்தான். அதனால் அந்த உத்தியோகம் என் தலைக்கு மேல் கத்தி மாதிரித் தொங்கியது.

கலியாணத்தை அறுவடைக்கு முந்தி வைத்தார்கள். அறுவடை தொடங்கினால் படுவான்கரையில் மாப்பிள்ளையைக் கவனிக்கவும் ஆளிருக்காது. ஆனால் அதுதான் மாரி முடிகிற காலம். ஆறு நிறைந்து வயலுக்குள் தண்ணீர் ஏறினால், கடலோரத்து மணல் திட்டை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் விடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்போம். வெட்டினால் வயல்காரருக்குச் சிரிப்பு, பாதைக்காரருக்குத் தலையிடி. தண்ணீர் மளமளவென்று இறங்கும். அந்த வருடம் ஆற்றுவாயை வெட்டியது என் கலியாணத்துக்கு முதல்நாள்.

கலியாணத்தன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். நான் கோட்டும் தலைப்பாகையும் பூமாலையுமாக வாடகை மொரிஸ் மைனரில் துறையடிக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு லீவு, ஆகையால் அன்றைக்குப் பாதைக்குப் பொறுப்பு என்னோடு வேலை செய்த செல்லத்தம்பி அண்ணன். அவர் அன்பு மிகுந்து துறையடி முழுக்கக் கலர்க் கடதாசி சுற்றி வைத்திருந்தார். வேலி, தூண், பலகை, ஒன்றையும் விடவில்லை. அளவுக் கட்டையையும் அடியிலிருந்து நுனிவரை ரோஸ் கடதாசியால் சுற்றியிருந்தார். சிவப்புக் கோடு ரோஸ் கடதாசிக்குள் போய்விட்டது. ‘எங்கட இஸ்மாயில்ர கலியாணம்’ என்ற சந்தோஷத்தில் அவருக்கு அது தோன்றவேயில்லை.

காரைப் பாதையில் ஏற்றப் போனபோது குறுக்கே குடை வந்தது.

"மாப்பிள்ளை இறங்கோணும்" என்றார் ஓவசியர். கலியாணத்துக்கு வந்திருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

மாமா பாய்ந்து வந்தார். "என்ன ஐயா கதைக்கிறீங்க? மாப்பிள்ளட கால் மண்ணில படப்படாது. அங்க மச்சினன் கால் கழுவித்தான் வீட்டுக்குள்ள எடுப்பான். அதுவரைக்கும் இறக்கேலா."

பெண்ணின் தம்பி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே எடுப்பதும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவதும் எங்கள் வழக்கம்தான். கால் மண்ணில் படக் கூடாது என்பது மாமாவின் சொந்தக் கண்டுபிடிப்பு.

"அப்படியோ?" என்றார் ஓவசியர்.

 பிறகு தேத்தண்ணிக்கடையில் ஒரு கதிரை வாங்கி வரச் சொன்னார். கதிரையைக் கார்க் கதவோடு ஒட்டி வைத்து, என்னைக் காரிலிருந்து நேரே கதிரைக்கு மாற்றினார்கள். கார் வெறுமையாக ஏறியது. கட்டை வைத்தார்கள். ஓவசியர் உதைத்துப் பார்த்தார். அதன் பின் நாலு பேர் என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய்ப் பாதையில் வைத்தார்கள். வாகனத்துக்குள் ஆளில்லை, மாப்பிள்ளையின் கால் மண்ணில் படவுமில்லை. இரண்டு பேரும் வென்றார்கள். இந்தக் கதிரை விஷயத்தில் எல்லாருடைய மூளையும் செலவாகிவிட்டதால் தண்ணீரைப் பார்க்க ஒருவருக்கும் மிச்சம் இருக்கவில்லை.

நான் பார்த்தேன். கதிரையில் இருக்கிறவனுக்கு வேறு வேலை என்ன? கரையோரத்துக் கண்டல் மரங்களின் வேர்கள் ஈரச் சேற்றோடு வெளியே தெரிந்தன. காலையில் மூழ்கியிருந்திருக்க வேண்டிய வேர்கள்.

"மாமா, தண்ணி..." என்றேன்.

"மாப்பிள்ள வாய் துறக்கப்படாது. சோடா வாங்கித் தரட்டா?"

"அதில்ல மாமா..."

"ஷ்!"

பாதை புறப்பட்டது. எங்கள் ஆட்கள் பெண்வீட்டாருக்குத் தங்கள் முகத்தைக் காட்டவேண்டுமென்று எல்லாரும் முன்பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அக்கரையில் போடியாரும் ஊராரும் குடை, மாலை, பன்னீர்ச் செம்புகளோடு நின்றது தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் பாதை ஒரு முனகல் முனகி நின்றது. செல்லத்தம்பி அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். கம்பி விறைத்தது, பாதை அசையவில்லை. தண்ணீருக்கடியில் இருந்த மேட்டில் மூக்கைக் குத்திவிட்டது. தண்ணீரோ இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அடுத்த மாரி வரைக்கும் நாங்கள் அங்கேதான்.

அக்கரையில் சத்தம் எழும்பியது. என்ன நடக்குது என்று ஒருவர் கேட்டார். மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையாக்கும் என்று இன்னொருவர் சொன்னார். தண்ணீருக்கு மேலால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. கடைசியில் போடியாரின் குரல் வந்தது.

"ஆதம்பாவா! சகன் சோறு ஆறுது! மஃரிபு பாங்குக்கு முந்தி மாப்பிள்ள கரைக்கு வரல்லண்டா எண்ட புள்ளைய றசீதுக்கு முடிச்சுக் குடுத்திருவன். ஊருக்கு முன்னால என்னால வெக்கப்படேலா!"

றசீது அந்தக் கூட்டத்தில்தான் நின்றான். புதுச் சேட் போட்டிருந்தான். கலியாண வீட்டுக்கு யாரும் புதுச் சேட் போடுவார்கள்தான், ஆனாலும் எனக்கு அந்தச் சேட் பிடிக்கவில்லை.

பொழுது பட்டதும் மஃரிபு பாங்கு; சூரியனோ வயலுக்கு மேலே பனையளவு உயரத்தில் நின்றது. செல்லத்தம்பி அண்ணன் அழுகிற நிலையில் என்னைப் பார்த்தார். இங்கே என் பாடு யாருக்கும் வரக் கூடாது. இறங்கி வேலை செய்தால் நான் யாரென்று போடியாருக்குத் தெரிந்துவிடும், உத்தியோகம் ஆற்றோடு போய்விடும். கதிரையிலேயே இருந்தால் மானம் தப்பும், பெண் போய்விடும். பரீதாவின் முகத்தை நான் அதுவரை சரியாகக் கண்டதில்லை. ஆனால் மாதக்கணக்காக மனதுக்குள் குடும்பமே நடத்திவிட்டேன். அவளை இன்னொருத்தனுக்குக் கொடுத்துவிட்டுக் கதிரையில் இருக்க என்னால் முடியவில்லை.

தலைப்பாகையைக் கழற்றினேன். கோட்டையும் கழற்றினேன். மாமா என் கையைப் பிடித்தார், உதறினேன். ஓவசியர் கோட்டை வாங்கி மடித்துத் தன் கையில் போட்டுக்கொண்டார். நான் சப்பாத்தை எறிந்துவிட்டு, காற்சட்டையோடு சேற்றுக்குள் குதித்தேன். இடுப்புவரை போனது.

"எல்லாரும் பின்னுக்குப் போங்க! பின்னுக்கு! மாமா, ஒங்களுக்குந்தான் சொல்ற, போங்க!"

அத்தனை பேரும் பின்னால் ஓடினார்கள். பின்பக்கம் அமிழ, முன்மூக்குக் கிளம்பியது. நான் தோளைக் கொடுத்துத் தள்ள, செல்லத்தம்பி அண்ணனும் மற்ற இரண்டு பாதைக்காரரும் கம்பியை இழுத்தார்கள். பாதை மேட்டின் மேல் பாதி ஏறி நின்றது.

"இப்ப முன்னுக்கு வாங்க! சுறுக்கா! வேலியப் புடிச்சிக்கங்க!"

எல்லாரும் முன்னால் ஓடினார்கள். சந்தனம் பூசின பெரியவர்கள், மௌலவியின் தம்பி, சோடாப் போத்தலோடு நின்றவர், எல்லாரும். பின்பக்கம் கிளம்பி, பாதை மேட்டை வழுக்கிக் கடந்தது. நான் ஏறி, ஒரு மரப்பிடியை எடுத்துக் கம்பியில் கொளுவி, தினம் நடக்கிற நடையை நடந்தேன். அப்போது எனக்குக் கலியாணமும் மறந்துவிட்டது. கரையில் இறங்குபலகை தட்டிய சத்தத்தில்தான் நினைவு வந்தது.

முதலில் ஆட்களை இறக்கினேன். பிறகு கட்டைகளை எடுத்துக் காரை இறக்கினேன். பழக்கதோஷம். கடைசியாகத் திரும்பிப் பார்த்தால் நெஞ்சுவரை சேறோடு நான், எதிரில் போடியார். ஊர் முழுக்க வாயில் கை வைத்துக்கொண்டு நின்றது.

"ஆதம்பாவா," என்றார் போடியார் மெதுவாக, "உத்தியோகம் எண்டு சொன்னீங்க."

"கவர்மெண்டுதானே போடியார்!" என்றார் மாமா. 

போடியார் ஓவசியர் பக்கம் திரும்பினார். "ஐயா, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. இவர் ஆரு?"

ஓவசியர் ஏதாவது சமாளிப்பார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னுடைய ஆள். பாதை இழுக்கிறவர்" என்றார் அவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லா இழுப்பார்" என்றும் சேர்த்தார்.

கூட்டத்தில் றசீதின் தாய் "பாத்தீங்களா காக்கா!" என்று தொடங்கினாள். போடியார் கையை உயர்த்தி நிறுத்தினார். அவர் நியாயமான மனிதர். இதை நானோ நீங்களோ முடிவெடுக்கேலாது, புள்ளையிடம்தான் கேட்கவேண்டும் என்றார். வலி, அதாவது பெண்ணுக்குப் பொறுப்பாளர், என்கிற முறையில் பெண்ணிடம் சம்மதம் கேட்கவேண்டியவர் அவர்தான். ஏமாற்றிச் சம்மதம் வாங்கினால் நிக்காஹ் எப்படிச் செல்லும்? சாட்சிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். என்னை வாசலில் நிற்பாட்டிவிட்டார்கள். காலையும் யாரும் கழுவவில்லை. கழுவுகிற தம்பிக்கு எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். ஓவசியர் என் கோட்டோடு பக்கத்தில் நின்றார்.  

உள்ளே நடந்ததைச் சாட்சிகளில் ஒருவர் எனக்குப் பிறகு சொன்னார். போடியார் ஒன்றையும் மறைக்கவில்லையாம்.

"மகள், நம்மள ஏமாத்திப் போட்டானுகள். மாப்பிள்ள கச்சேரில கதிரையில இரிக்கிறவரில்ல. பாதைல கம்பி இழுக்கிற ஆள். இப்ப மேலெல்லாம் சேறு. றசீது வெளிய நிக்கிறான். நீ என்ன சொல்றா?"

திரைச்சீலைக்குப் பின்னால் தாய் அழத் தொடங்கினாராம். பிறகு பரீதா கேட்டாளாம்:

"கதிரையில இரிக்கிறவரெண்டு ஒங்களுக்கு ஆரு வாப்பா சொன்ன? நான் தையல் படிக்க ஒவ்வொரு கிழமையும் அந்தப் பாதையிலதானே போய் வாற. நான் ஓம் எண்டது கம்பி இழுக்கிறவருக்குத்தான்."